பின்னால் இரண்டு

பிஷ்கெக் டயர்ச் சந்தை, ஞாயிறு காலை ஏழு மணி.
சாய்ராகுல் தன் தேநீர்க் கிண்ணத்தை
ஒரு லாரி டயரின் மேல் வைத்திருந்தாள்.
முன்சக்கரத்தை மட்டும் கழற்றி
உருட்டிக்கொண்டு போனேன்,
காய்ச்சல்காரப் பிள்ளையைக் கைபிடித்து நடத்துவதுபோல.

பத்து சோம் நாணயத்தைப் பள்ளத்தில் நட்டுப் பார்த்தாள்.
நிற்கவில்லை, சாய்ந்து விழுந்தது.
"மொட்டை" என்றாள்.
உள்விளிம்பைக் கட்டைவிரலால் தடவிவிட்டுக் கேட்டாள்:
"பின்னால் ஆடு ஏற்றுகிறாயா?"
"உருளைக்கிழங்கு. நாத்தனார் வீட்டிலிருந்து, மாதம் இரண்டு நடை."
"எடைக்கு எல்லாம் ஆடுதான்."

அவள் விலைப் பட்டியல் தேடிய நேரத்தில்
கொண்டை ஊசியால் பள்ளங்களைக் கிளறினேன்.
ஒரு வெள்ளைக் கூழாங்கல், ஜூலையில் ஏரிக்குப் போனபோது ஏறியது.
பச்சைக் கண்ணாடித் துண்டு ஒன்று;
அது எந்தக் கல்யாணத்து பாட்டிலோ.
ஒரு ஆணித்தலை.
இத்தனையும் எங்களோடு சுற்றியிருக்கிறது,
சத்தமில்லாமல், வாடகையில்லாமல்.

கையில் பதினாறாயிரம் சோம்.
அதற்கு நான்கு பழைய ஜெர்மன் குளிர்கால டயர் வரும்,
இல்லையென்றால் இரண்டு புதுச் சீன டயர்.
மாஸ்கோவிலிருந்து எர்மெக் காணொளியில்:
"நாலும் எடு. ஜெர்மன்காரன் சாலையில் ஓடியது,
கிழவியின் செருப்பு மாதிரி தேயாமல் இருக்கும்."
அவன் பின்னால் யாரோ சிமெண்ட் கலக்கும் சத்தம்.

சாய்ராகுல் ஜெர்மன் டயரின் பக்கவாட்டை
ஈரத்துணியால் துடைத்தாள். நான்கு எண்கள் தெரிந்தன.
நாற்பத்தாறாம் வாரம், பன்னிரண்டாம் வருடம்.
"பள்ளம் இருக்கிறது. ரப்பர் செத்துவிட்டது.
நகத்தால் அழுத்திப் பார்."
அழுத்தினேன். நகம்தான் வளைந்தது.
என் மகள் தோல்கோனைவிட வயதில் மூத்த டயர்.
விற்கிறவளே வேண்டாம் என்கிறாள்;
இதை நம்புவதா, இதுவும் ஒரு வியாபாரமா?

புதுசு இரண்டு என்றேன்.
"முன்னால் போடு. முன்சக்கரம்தானே இழுக்கிறது,
முன்சக்கரம்தானே திரும்புகிறது."
"பின்னால்" என்றாள்.
"முன்னால் என்கிறேன்."
"பணம் உன்னுடையது. ஆனால் கேள்:
முன்சக்கரம் வழுக்கினால் ஸ்டீயரிங் உன் கையில் வந்து சொல்லும்.
பின்சக்கரம் யாரிடமும் சொல்லாது.
நீ நேராகத்தான் பார்த்துக்கொண்டிருப்பாய்,
உன் முதுகு பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்."

வண்டியைத் திரும்பிப் பார்த்தேன்.
பின் இருக்கையில் ஐபெக் கண்ணாடியில் மூக்கை அழுத்திப்
பன்றி முகம் காட்டிக்கொண்டிருந்தான்.
தோல்கோனை எதையோ தின்றுகொண்டே
வீட்டுப்பாடம் எழுதினாள்.

"அப்போது முன்னால்?"
"உன் பழைய பின் டயர் இரண்டும்.
அதில் இன்னும் ஒரு குளிருக்கு உயிர் இருக்கிறது.
மொட்டை இரண்டையும் எனக்குத் தள்ளு,
எண்ணூறு குறைத்துக்கொள்கிறேன்."
ஆயிரத்து இருநூறுக்குக் கேட்டு ஆயிரத்தில் முடிந்தது.
எர்மெக்குக்கு ஒரு வரி அனுப்பினேன்: வாங்கிவிட்டேன்.
எத்தனை என்று எழுதவில்லை.

புது டயர் முதல் நூறு கிலோமீட்டர் வழுக்கும்,
மேல்தோல் போகட்டும் என்று சொல்லியிருந்தாள்.
தோலோன் கணவாயில் இருட்டத் தொடங்கியது.
ஜப்பானிலிருந்து வந்த வண்டி,
எங்கள் நாட்டுச் சாலைக்குத் தப்பான பக்கம் ஸ்டீயரிங்.
முந்த வேண்டுமென்றால்
இடப்பக்கம் உட்கார்ந்தவர் எட்டிப் பார்த்துச் சொல்லவேண்டும்.
அந்த இருக்கையில் இப்போது உருளைக்கிழங்குச் சாக்கு.
ஆகவே முந்தவில்லை.
ஒரு நிலக்கரி லாரியின் புகைக்குப் பின்னால் முப்பதில் ஊர்ந்தேன்.
வளைவில் ஒருமுறை முன்பக்கம் மெல்ல நழுவியது.
கைக்கு வந்தது சேதி.
காலை எடுத்தேன். பிடித்துக்கொண்டது.

"அம்மா, ஏன் இவ்வளவு மெதுவா?"
"லாரிக்காரனைக் கேள்."

திங்கட்கிழமை துவைக்கும்போது
ஐபெக்கின் கால்சட்டைப் பையிலிருந்து
ஒரு கைப்பிடி கறுப்பு முடி உதிர்ந்தது.
புது டயரின் மேல் முளைத்திருக்குமே,
அந்த ரப்பர் முடி.
நான் பேரம் பேசிய நேரமெல்லாம்
உட்கார்ந்து பிடுங்கியிருக்கிறான்,
ஒரு டயரை முழுசாக,
அடுத்ததைப் பாதி.